சத்தமில்லாத ஹார்ட் டிஸ்க்: ஹோம் தியேட்டர் கணினி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருவையாற்றில், காவிரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. கூடத்தில் டிவி, அதன் கீழே தாத்தா காலத்துத் தேக்கு அலமாரி, அலமாரிக்குள் ஒரு கணினி. படங்கள், குறுந்தகடுகளிலிருந்து எடுத்துவைத்த கச்சேரிகள், கல்யாண வீடியோக்கள் எல்லாம் அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கின்றன. அதை அமைத்த முதல் மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை, வீடே தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு நாகஸ்வர ஆலாபனையை மெல்லிய ஒலியில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அப்பா எழுந்துவந்து, "கொல்லை மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டாயா?" என்று கேட்டார். மோட்டார் ஓடவில்லை. அவர் காதில் விழுந்தது ஹார்ட் டிஸ்கின் ரீங்காரம். கோடை முழுவதும் அது எங்களில் யாருக்கும் கேட்கவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்ததுதான் காரணம்.

அந்த ரீங்காரத்தை ஒழிக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. அதன் பிறகு தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, நாகப்பட்டினம் என்று உறவினர்களும் நண்பர்களும் கேட்ட கேள்விகளையும் அவர்களுக்கு நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். டிஸ்க் வாங்கும்போது மே மாத மதியத்தை நினைத்து வாங்காதீர்கள். மின்விசிறி நின்றுபோன தை மாத இரவை நினைத்து வாங்குங்கள்.

எஸ்எஸ்டி வாங்கிவிட்டால் சத்தமே இருக்காதே, ஹார்ட் டிஸ்க் எதற்கு?

உங்கள் சேமிப்பு முழுவதும் 1 அல்லது 2 டெராபைட்டுக்குள் அடங்குமானால், எதற்குமே இல்லை. எஸ்எஸ்டி தகவலைச் சில்லுகளில் சேமிப்பது. அதில் சுழலும் பாகம் கிடையாது, அதனால் சுழலும் சத்தமும் கிடையாது. குறிப்பாக, பாட்டு மட்டும் கேட்பவர்கள் ஹார்ட் டிஸ்க் பக்கமே போக வேண்டாம். குறுந்தகட்டின் ஒரு மணி நேர இசை சுருக்கப்படாத நிலையில் ஏறத்தாழ 635 மெகாபைட். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தில் அது பாதியளவுக்கு வந்துவிடும். அப்படிப் பார்த்தால் ஆயிரம் மணி நேரக் கச்சேரிகள் 1 டெராபைட் எஸ்எஸ்டியில் பாதிகூட நிரப்பாது.

படம் என்று வரும்போதுதான் கணக்கு மாறுகிறது. ஒரு புளூரே தட்டின் கொள்ளளவு 25 அல்லது 50 ஜிகாபைட், 4கே தட்டில் 100 ஜிகாபைட் வரை. படத்துக்குச் சராசரியாக 40 ஜிகாபைட் என்று வைத்துக்கொண்டாலும் நூறு படங்களுக்கு 4 டெராபைட் வேண்டும். அந்த அளவுக்கு எஸ்எஸ்டி வாங்கும் பணத்தில் ஹார்ட் டிஸ்கும் வாங்கி, நல்ல யூபிஎஸ் ஒன்றும் வாங்கிவிடலாம்.

இயங்குதளம் எஸ்எஸ்டியில், படங்கள் ஹார்ட் டிஸ்கில் என்று பிரிப்பதுதான் என் தேர்வு. அது சத்தத்தை எப்படிக் குறைக்கிறது என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஹார்ட் டிஸ்கில் சத்தம் எங்கிருந்துதான் வருகிறது?

மூன்று இடங்களிலிருந்து. முதலாவது, டிஸ்கின் உள்ளே தகவல் பதிந்திருக்கும் தட்டுகளைச் சுழற்றும் மோட்டார். கரண்ட் இருக்கும்வரை அது ஒரே சீராக முனகிக்கொண்டிருக்கும். பழைய டிஸ்குகளில் மோட்டார் இரும்புக் குண்டுகளின் மேல் சுழன்றது, தேய்ந்துபோனால் கீச்சிடும். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு எண்ணெய்ப் படலத்தின் மேல் சுழலும் மோட்டார்கள் பரவலாக வந்தன, அந்தக் கீச்சொலி அத்துடன் போயிற்று. இரண்டாவது, தகவலைத் தேடித் தட்டின் மேல் அங்குமிங்கும் பாயும் தலை. சட்டியில் பொரி வெடிப்பது போன்ற படபடப்பு அதனுடையது.

மூன்றாவதுதான் எங்கள் வீட்டில் அப்பாவை எழுப்பியது. டிஸ்கின் அதிர்வு திருகுகள் வழியாகக் கேபினட் தகட்டுக்கு, அதாவது கணினியின் வெளிப்பெட்டிக்கு, போகிறது, தகட்டிலிருந்து அலமாரிப் பலகைக்குப் போகிறது, அங்கே பெரிதாகிறது. கையில் தாங்கிப் பிடித்தால் காதுக்கு அருகில் கொண்டுபோனால்தான் கேட்கும் டிஸ்க், தேக்கு அலமாரிக்குள் இருந்தபோது அடுத்த அறை வரை கேட்டது. தந்தியின் சத்தத்தைத் தம்பூராவின் குடம் எப்படிப் பெரிதாக்குகிறதோ, அதே வேலையைத்தான் அலமாரி செய்கிறது.

இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். இரவு மின்விசிறியை நிறுத்திவிட்டு, கேபினட்டின் பக்கத் தகட்டின் நடுவில் இரண்டு விரலை வைத்து அழுத்துங்கள். சத்தம் சட்டென்று அடங்கினால் டிஸ்கை மாற்ற வேண்டியதில்லை. பொருத்திய விதத்தை மாற்றினால் போதும்.

5400 ஆர்பிஎம், 7200 ஆர்பிஎம் என்கிறார்களே, எது நல்லது?

கூடத்தில் வைக்கும் கணினிக்கு 5400. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆர்பிஎம் என்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. 5400 என்றால் விநாடிக்கு 90 சுற்று, 7200 என்றால் விநாடிக்கு 120. அதிர்வின் ஆதாரச் சுருதியும் அதுவே, 90 ஹெர்ட்ஸ் அல்லது 120 ஹெர்ட்ஸ். சங்கீதம் கேட்பவர்களுக்கு இதில் ஒரு தனித் தொல்லை இருக்கிறது. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் வித்வானின் ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே இருக்கும் இரண்டு "நி" ஸ்வரங்களில் காகலி நிஷாதம் 123க்குச் சற்று மேல், கைசிகி நிஷாதம் 117க்குச் சற்றுக் கீழ். இரண்டுக்கும் நடுவில், எதிலும் சேராமல், 7200 டிஸ்கின் 120 நிற்கிறது. காது பழகியவர்களுக்கு ஆலாபனை முழுவதும் யாரோ அபஸ்வரமாகச் சுருதி போடுவது போல இருக்கும். 90 ஹெர்ட்ஸும் சுருதியில் சேர்வதில்லைதான். ஆனால் மெதுவாகச் சுழலும் டிஸ்கின் அதிர்வு பலம் குறைந்தது, நம் காதுக்கும் தாழ்ந்த ஸ்தாயிச் சத்தம் குறைவாகவே எட்டும்.

மெதுவாகச் சுழன்றால் படம் திக்கித் திக்கி ஓடாதா?

ஓடாது. சாதாரணப் புளூரே படத்துக்கு அதிகபட்சமாக விநாடிக்கு 6 மெகாபைட் அளவுக்குத்தான் தகவல் தேவை. 4கே தட்டின் உச்சமே விநாடிக்கு 16 மெகாபைட். இன்றைய 5400 டிஸ்குகள் நூறு மெகாபைட்டுக்கு மேல் சர்வ சாதாரணமாகத் தருகின்றன. படம் திக்கினால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. பெரும்பாலும் வைஃபை.

பெட்டியில் 5400 என்று போட்டிருந்தால் நம்பலாமா?

எண்ணுக்குப் பக்கத்தில் வேறு ஏதாவது சொல் இருக்கிறதா என்று பாருங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலின் சில டிஸ்குகளில் "5400 ஆர்பிஎம் வகுப்பு" என்று குறித்திருந்தார்கள். 2020இல் பயனர்கள் அவற்றின் சத்தத்தைப் பதிவுசெய்து அலைவரிசையைப் பிரித்துப் பார்த்தபோது உச்சம் 90இல் இல்லை, 120இல் இருந்தது. உண்மையில் சுழன்றது 7200. செயல்திறன் வகுப்பைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. காது கொடுத்துக் கேட்டு வாங்குகிறவனுக்கு அது விளக்கமாகாது.

இதே சோதனையை நீங்களும் செய்யலாம். ஒலியின் அலைவரிசையைக் கோட்டுப்படமாகக் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியைக் கேபினட்டின் மேலேயே படும்படி வையுங்கள். 90இல் ஒரு கூர்முனை எழுந்தால் 5400, 120இல் எழுந்தால் 7200. 100இல் எழுந்தால் டிஸ்கைத் திட்டாதீர்கள். அது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரட்டிப்பு. இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர், டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றின் முனகல் அது. கும்பகோணத்தில் என் அத்தை வீட்டில் இரண்டு டிஸ்க் மாற்றிப் பார்த்தும் போகாத சத்தம், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த இன்வெர்ட்டருடையது.

தயாரிப்பாளரின் தகவல்தாளில் இருக்கும் டெசிபெல் எண்களை எப்படிப் படிப்பது?

சுழன்றுகொண்டு சும்மா இருக்கும்போது ஓர் எண்ணும், தலை பாயும்போது ஓர் எண்ணும் கொடுத்திருப்பார்கள். படம் பார்ப்பவருக்கு முதல் எண்தான் முக்கியம். ஒரு படம் பெரிய கோப்பாக ஒரே வரிசையில் படிக்கப்படுவதால் தலை அதிகம் ஓடுவதில்லை.

சில நிறுவனங்கள் பெல் கணக்கில் எழுதும். 2.5 பெல் என்றால் 25 டெசிபெல், குழம்ப வேண்டாம். இந்த எண்கள் டிஸ்க் வெளியிடும் மொத்த ஒலித்திறன், நீங்கள் உட்காரும் இடத்தில் கேட்கும் அளவு அல்ல. ஆகவே ஒரு டிஸ்கை இன்னொரு டிஸ்கோடு ஒப்பிட மட்டும் இவற்றைப் பயன்படுத்துங்கள். 2 டெசிபெல் வித்தியாசத்துக்காக அதிக விலை கொடுக்க வேண்டாம், 6, 7 என்றால் யோசியுங்கள். இன்னொன்று, அதிர்வைப் பற்றி இந்த எண்கள் எதுவுமே சொல்வதில்லை. 23 டெசிபெல் டிஸ்கும் தேக்கு அலமாரியில் மோட்டாராக மாறும்.

நம் ஊர்க் கடைகளில் எதைக் கேட்டு வாங்குவது?

வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் பிளஸ், சீகேட்டின் அயர்ன்உல்ஃப் என்ற இரண்டு வரிசைகளும் நாள் முழுவதும் ஓடுவதற்கென்று செய்யப்பட்டவை, பொதுவாக நல்லவை. ஆனால் வரிசைப் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் சிறிய கொள்ளளவு டிஸ்குகள் மெதுவாகவும் பெரியவை 7200இலும் சுழல்கின்றன. முழு மாடல் எண்ணையும் எழுதிக்கொண்டு, தகவல்தாளில் சுழற்சி வேகத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

தஞ்சாவூர், கும்பகோணக் கணினிக் கடைகளில் இவை கையிருப்பில் இல்லாத நாளும் உண்டு. அப்போது சிசிடிவி கேமரா விற்கும் கடைக்குப் போங்கள். மன்னார்குடியானாலும் பாபநாசமானாலும் அப்படி ஒரு கடை இல்லாமல் இருக்காது. கேமராப் பதிவுக்கென்று வரும் வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் டிஸ்குகளின் சிறிய கொள்ளளவு மாடல்கள் மெதுவாகச் சுழல்பவை, சீரான வீடியோ ஓட்டத்துக்கு ஏற்றவை. படங்களைச் சேமிக்க அவை தாராளமாகப் போதும். என் மாமா வீட்டில் ஓடுவது அப்படி ஒன்றுதான்.

விலை மலிவாக இருந்தால் ஒரு சந்தேகம் வையுங்கள். பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய டிஸ்குகளைத் துடைத்துப் புதிது போல விற்பவர்கள் இருக்கிறார்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்ற கணக்கைப் பாருங்கள். புதிய டிஸ்கில் அது பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும். வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் கொடுத்து உத்தரவாதக் காலத்தையும் சரிபாருங்கள், ஏனென்றால் அந்த மணிக் கணக்கையும் அழித்துவிடும் கைகாரர்கள் உண்டு.

எஸ்எம்ஆர் டிஸ்கைத் தவிர்க்க வேண்டும் என்கிறார்கள். சத்தத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

தொடர்பு இருக்கிறது. நாட்டு ஓடு வேய்ந்த கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையின் மேல் கொஞ்சம் படிந்து நிற்கும். நடுவில் ஒரே ஓட்டை மாற்ற வேண்டுமானாலும் அதன் மேல் படிந்த வரிசைகளைக் கழற்றி மறுபடி அடுக்க வேண்டும். எஸ்எம்ஆர் முறையில் தகவல் தடங்கள் அப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதப்படுகின்றன. குறைந்த இடத்தில் நிறைய அடைக்கலாம், திருத்தி எழுதுவதுதான் பெரும்பாடு.

அதனால் பெரிய கோப்புகளை நகலெடுத்து முடித்த பிறகும் டிஸ்க் தனக்குள்ளேயே அடுக்கி ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கும். நீங்கள் எதையும் தொடாதபோது, நள்ளிரவில் கறகறவென்று தலை ஓடும் சத்தம் வருவது இதனால்தான். ஒரு முறை படங்களை ஏற்றிவிட்டுப் பார்க்க மட்டும் செய்வீர்கள் என்றால் எஸ்எம்ஆர் தவறில்லை, விலையும் குறைவு. அடிக்கடி சேர்த்து அழிப்பவர்கள், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் எழுதும் சிஎம்ஆர் என்று குறித்த டிஸ்கையே வாங்குங்கள். ரெட் பிளஸ், அயர்ன்உல்ஃப் இரண்டும் சிஎம்ஆர்.

14, 16 டெராபைட் என்று ஒரே பெரிய டிஸ்காக வாங்கலாமா?

கூடத்துக்கு வேண்டாம். இவ்வளவு பெரிய டிஸ்குகளின் உள்ளே காற்றுக்குப் பதில் ஹீலியம் அடைத்திருக்கிறார்கள். காற்றின் அடர்த்தியில் ஏழில் ஒரு பங்குதான் ஹீலியத்துக்கு. தட்டுகள் சுழலும்போது உராய்வும் சுழிப்பும் குறைகின்றன, சூடும் குறைகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவை பெரும்பாலும் 7200இல் சுழல்பவை, தட்டுகளும் அதிகம், தலை பாயும்போது மேசையே அதிரும். சில மாடல்களில் தேய்மானத்தைத் தவிர்க்கத் தலை சில விநாடிக்கு ஒருமுறை தானாகவே நகரும். அமைதியான அறையில் அது டொக், டொக் என்று தாளம் போடும். பழுது என்று நினைத்துக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனவரை எனக்குத் தெரியும். பழுதில்லை, அதன் இயல்பே அதுதான்.

வேறு அறையில் வைக்கப்போகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

லேப்டாப் டிஸ்க் போடலாமா?

போடலாம். 2.5 அங்குல டிஸ்குகள் எடை குறைந்தவை, அதிர்வும் மிகக் குறைவு. 1, 2 டெராபைட் போதும் என்றால் இதைவிட அமைதியான ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஆனால் அந்தக் கொள்ளளவுக்கு எஸ்எஸ்டியே கட்டுப்படியாகும் என்று மேலே சொன்னேன். அதைவிடப் பெரியவை தடிமனாகவும் எஸ்எம்ஆராகவும்தான் வருகின்றன.

எப்படிப் பொருத்தினால் அதிர்வு வராது?

என் ஒரு வருடப் பாடு முழுவதும் இந்தக் கேள்வியில்தான் கழிந்தது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிஸ்கின் உலோகம் கேபினட்டின் உலோகத்தைத் தொடவே கூடாது. முதல் வழி ரப்பர் வளையங்கள். சில கேபினட்டுகளில் அவை தயாராகவே வரும். வளையத்தின் நடுவே போகும் திருகை முழு பலத்தோடு முறுக்கினால் ரப்பர் நசுங்கி, இருந்தும் இல்லாதது போல ஆகிவிடும். டிஸ்கை விரலால் தள்ளினால் ஒரு மில்லிமீட்டராவது ஆட வேண்டும். 3.5 அங்குல டிஸ்கின் திருகு வேறு, 2.5 அங்குல டிஸ்கின் திருகு வேறு. மாற்றிப் போட்டால் மரை கெட்டுவிடும்.

இரண்டாவது வழி தொங்கவிடுவது. நான் செய்தது இது. சைக்கிள் கடையில் பஞ்சரான பழைய டியூப் ஒன்றை வாங்கி, சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து, விரல் அகலத்துக்கு வளையங்களாக வெட்டினேன். கேபினட்டில் சிடி டிரைவ் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அதன் இரு பக்கத் தகடுகளுக்கும் குறுக்கே நான்கு வளையங்களைக் கட்டி, ஊஞ்சல் போல டிஸ்கை நடுவில் படுக்கவைத்தேன். கணினியை இயக்கிவிட்டு அலமாரிக் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். முன்பு மாவரைக்கும் கிரைண்டரைத் தொட்டது போல இருந்த மரம், அன்று வெறும் மரமாக இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுத் தொடச் சொன்னேன். "ஓடுகிறதா?" என்று கேட்டார்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. டிஸ்க் முக்கால் கிலோவுக்கு அருகில் கனக்கும். நம் வெயிலில் டியூப் ரப்பர் ஒரு வருடத்தில் தளர்ந்து பிசுபிசுக்கும், ஆண்டுக்கு ஒருமுறை வளையங்களை மாற்றிவிடுங்கள். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது நான் மாற்றுகிறேன். டிஸ்கைக் கிடையாகவோ பக்கவாட்டில் நேராகவோ வையுங்கள், சாய்வாக வேண்டாம். கேபினட்டை நகர்த்தும் முன் கணினியை நிறுத்துங்கள். டிஸ்கின் மேல் மூடியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளையும், "மூடாதீர்கள்" என்ற எச்சரிக்கையும் இருக்கும். காற்றழுத்தம் சமனாவதற்கான துளை அது. ரப்பரோ டேப்போ அதை அடைக்கக் கூடாது. ஹீலியம் டிஸ்குகளில் அந்தத் துளை இருக்காது.

தொங்கவிட மனமில்லாதவர்கள் குறைந்தது கேபினட்டின் நான்கு கால்களுக்கும் கீழே தடித்த ரப்பர்த் துண்டுகளையாவது வையுங்கள். பாதிச் சத்தம் அதிலேயே போய்விடும்.

டிஸ்கைப் பஞ்சில் சுற்றிப் பெட்டிக்குள் அடைத்துவிட்டால்?

வெந்துவிடும். பெரும்பாலான டிஸ்குகளுக்கு 60 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. அக்னி நட்சத்திரத்தில் நம் பக்கத்து அறைகளே 36, 38 டிகிரியில் இருக்கும். அதற்கு மேல் டிஸ்க் தன் பங்குக்குப் பத்து டிகிரியாவது சேர்க்கும், காற்றோட்டம் இல்லாவிட்டால் இன்னும் கூடும். 45ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன் நான், 50ஐத் தொட்டால் கணினியை நிறுத்திவிடுகிறேன். அலமாரியின் பின்பலகையில் ஒரு கையளவு திறப்பு வெட்டுவது நல்லது. அந்தத் திறப்புக்கு மெல்லிய கொசுவலை அடித்துவிடுங்கள். பல்லியும் எறும்பும் சூடான இடம் தேடி வரும், பல்லி ஒன்று மின்சுற்றுப் பலகையில் மாட்டிக்கொண்டால் எல்லாமே போய்விடும்.

இரண்டு டிஸ்க் போட்டிருக்கிறேன். தனித்தனியாக அமைதி, சேர்ந்தால் "வூம்... வூம்" என்று அலையடிக்கிறது. ஏன்?

இரண்டு தம்பூரா தந்திகள் சுருதி சேரும் தறுவாயில் ஒலி அலை அலையாக ஏறி இறங்குமே, அதேதான் இது. இரண்டும் 5400 என்றாலும் அணுவளவு வேக வித்தியாசம் இருக்கும். விநாடிக்குப் பத்தில் ஒரு சுற்று வித்தியாசம் இருந்தால் பத்து விநாடிக்கு ஒருமுறை அலை எழும். சீரான சத்தத்தைக் காது மறந்துவிடும், ஏறி இறங்கும் சத்தத்தை மறக்காது. தந்தியைப் போல முறுக்கிச் சேர்க்க முடியாது என்பதால், இரண்டையும் ஒரே சட்டத்தில் பொருத்தாமல் தனித்தனியாகத் தொங்கவிடுங்கள். அதைவிட நல்லது, இரண்டு 4 டெராபைட்டுக்குப் பதில் ஒரே 8 டெராபைட்டாக, மெதுவாகச் சுழலும் மாடலாகப் பார்த்து வாங்குவது.

படம் பார்க்கும்போது டிஸ்கை முழுவதுமாக நிறுத்திவைக்க வழி உண்டா?

உண்டு. நான் தினமும் செய்வது இதுதான். இரவுச் சாப்பாட்டுக்கு முன் அன்று பார்க்கப்போகும் படத்தை எஸ்எஸ்டிக்கு நகலெடுத்துவிடுவேன். 50 ஜிகாபைட் படம் என்றாலும் ஆறு, ஏழு நிமிடம்தான். பத்து நிமிடம் வேலை இல்லாவிட்டால் ஹார்ட் டிஸ்க் சுழற்சியை நிறுத்தும்படி கணினியின் மின்சேமிப்பு அமைப்புகளில் சொல்லிவைத்திருக்கிறேன். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இந்த வசதி உண்டு. சாப்பிட்டுவிட்டுக் கூடத்துக்கு வரும்போது டிஸ்க் தூங்கியிருக்கும். இயங்குதளம் எஸ்எஸ்டியில் இருந்தால் மட்டுமே இது நடக்கும், இல்லாவிட்டால் அது டிஸ்கைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கும். கோப்புகளைப் பட்டியலிடும் தேடல் வசதியையும் படங்கள் இருக்கும் டிஸ்குக்கு நிறுத்திவையுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நேரத்தை மிகக் குறைவாக வைக்காதீர்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று ஓடுவது மோட்டாருக்கு நல்லதல்ல.

டிஸ்கை வேறு அறைக்கே கொண்டுபோய்விட்டால்?

இடம் இருந்தால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. நாஸ் எனப்படும் சேமிப்புப் பெட்டியோ, பழைய கணினியோ, மாடி அறையில் ஓடட்டும். கூடத்தில் இருப்பது எஸ்எஸ்டி மட்டும். ஆனால் நம் பழைய வீடுகளில் சுவர் ஒன்றரை அடி, இரண்டு அடிக் கனம். வைஃபை அதைத் தாண்டும்போது சோர்ந்துவிடும். நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுங்கள், 100 மீட்டர் வரை கவலையில்லை. இரு முனையிலும் ஜிகாபிட் இணைப்பு, அதாவது விநாடிக்கு 1000 மெகாபிட், இருக்கிறதா என்று பாருங்கள். பல டிவிகளின் கேபிள் இணைப்பு 100 மெகாபிட்தான், 4கே தட்டின் உச்சம் 128 மெகாபிட் வரை போகும் (8 மெகாபிட் ஒரு மெகாபைட், மேலே சொன்ன 16 மெகாபைட்தான் இது). முற்றத்தின் குறுக்கே கேபிளைத் தொங்கவிடாதீர்கள். ஐப்பசி மழையும் இடியும் அதைச் சும்மா விடாது.

பழைய டிஸ்கில் "அமைதி முறை" என்று ஒன்று உண்டாமே?

ஒரு காலத்தில் இருந்தது. தலை பாயும் வேகத்தை 128 முதல் 254 வரை ஓர் எண்ணால் கட்டுப்படுத்தலாம், 128 மிக அமைதி. இப்போது வரும் டிஸ்குகளில் இல்லை. உங்களிடம் பழையது இருந்து, அது ஏற்றுக்கொண்டால், தயங்காமல் 128 வையுங்கள். ஓயாத முனகலை இது குறைக்காது, படபடப்பை மட்டும் குறைக்கும்.

மின்வெட்டும் கடற்காற்றும் டிஸ்கைப் பாதிக்குமா?

கரண்ட் போகும் கணத்தில், சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்துத் தலை தன் இருப்பிடத்துக்குத் திரும்பிவிடும். டக் என்று கேட்பது அந்தத் தாவல்தான். வழக்கமாக இறங்குவதைவிட இது முரட்டுத்தனமானது, தினமும் நடந்தால் ஆயுள் குறையும். எனவே யூபிஎஸ் ஆடம்பரம் அல்ல. இன்வெர்ட்டர் வாங்குவதானால் மின்வாரிய மின்சாரம் போலச் சீரான சைன் அலை தருவதாக வாங்குங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும்போது கணினியின் பவர் சப்ளையே முனகும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அதன் பிறகு டெல்டாவின் தென்பகுதியில் பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. அங்கே என் நண்பர் ஒருவரின் வீட்டில் ஓடு பறந்து கணினி மேல் மழை கொட்டியது. அவர் மகளின் குழந்தைப் பருவ வீடியோக்கள் எல்லாம் அந்த ஒரே டிஸ்கில் இருந்தன. அவை திரும்பக் கிடைக்கவில்லை. படம் போனால் மறுபடி வாங்கலாம். குடும்ப வீடியோக்களுக்கு இரண்டாவது நகல் எடுத்து வேறு ஊரில், உறவினர் வீட்டில், வையுங்கள். நாகப்பட்டினம், தரங்கம்பாடிப் பக்கம் இருப்பவர்கள் இணைப்பு முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அமைதியாக இருந்த டிஸ்க் திடீரென்று சத்தம் போடுகிறது. என்ன செய்வது?

முதலில் சத்தத்தின் வகையைக் கேளுங்கள். ரீங்காரம் கூடியிருந்தால் ரப்பர் நசுங்கியிருக்கலாம், திருகு தளர்ந்திருக்கலாம், யாராவது அலமாரி மேல் பித்தளைத் தாம்பாளத்தை வைத்திருக்கலாம். எங்கள் வீட்டில் ஒரு முறை அதுதான் நடந்தது.

மாறாக, டக், டக், டக் என்று ஒரே சீரான தட்டல் வந்து, நடுவில் டிஸ்க் நின்று மறுபடி சுழலத் தொடங்கினால், தலை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது என்று பொருள். உடனே படத்தை நிறுத்துங்கள். பழுது பார்க்கும் மென்பொருள் எதையும் ஓட்ட வேண்டாம், அது பலவீனமான டிஸ்கை மேலும் அலைக்கழிக்கும். வேறு டிஸ்க் ஒன்றை இணைத்து, திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் நகலெடுங்கள். குடும்ப வீடியோக்கள், பிறகு வீட்டில் நீங்களே பதிவுசெய்த பாட்டுகள், மிஞ்சிய நேரத்தில் படங்கள். நகல் நடுவில் நின்றுவிட்டால் டிஸ்கை ஆறவிட்டு ஒரு முறை மட்டும் மீண்டும் முயலுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கரண்டைத் துண்டித்துவிட்டு, தகவல் மீட்புச் செய்பவரிடம் அப்படியே கொடுங்கள். வீட்டில் மூடியைக் கழற்றிப் பார்க்க யாரையும் அனுமதிக்காதீர்கள். தலைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளியைவிட நம் வீட்டுத் தூசி பல மடங்கு பெரியது.